பெட்டிக்குக் காவல்

உச்சிமாகாளி அண்ணன் ஒருவனை அடிக்கப்போகிறார் என்பதை அவர் பேச்சை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். மற்ற நேரத்தில் எங்களைப் போலவே ‘இன்னாடா, எங்க போய்க்கினு கீற’ என்று பேசுகிற மனுஷன், கோபம் தலைக்கேறினால் தெற்கே, பிறந்த ஊரான உடன்குடிக்காரராகவே மாறிவிடுவார். ‘ஏலேய்’ என்று ஒரு சத்தம் வரும். அது காதில் விழுந்ததும் எதிரே நிற்பவன் ஓடிவிட வேண்டும். ஓடாதவர்களை நான் பெரியாஸ்பத்திரியில் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு போய்ப் பார்த்திருக்கிறேன்.

பையனாக இருந்தபோது ராயபுரத்தில் சித்தப்பாவின் மளிகைக் கடைக்கு அவரை வேலைக்கு அனுப்பினார்கள். நல்லெண்ணெய் டின்னைக் கவிழ்த்ததற்காகச் சித்தப்பா பெல்ட்டைக் கழற்றினார். இவர் தராசிலிருந்த எடைக்கல்லை எடுத்து வீசினார். சித்தப்பாவின் நெற்றி பிளந்துவிட்டது. அங்கிருந்து ஓடி வந்தவர், எண்ணூரில் ஒரு லாரியில் கிளீனராக ஏறி, வளர்ந்து, டிரெய்லர் டிரைவர் ஆனார். எங்கள் சங்கத்தில் வெறுமனே மாகாளி என்று சொன்னால் யாருக்கும் தெரியாது. ‘பெட்டி மாகாளி’ என்றால்தான் தெரியும்.

அந்தப் பெயர் வந்த கதையைச் சொல்ல, எங்கள் பிழைப்பைச் சொல்லியாக வேண்டும். துறைமுகத்துக்குக் கண்டெய்னர் ஏற்றிப் போகிற டிரெய்லர்கள் எண்ணூர் ரோட்டில் மைல் கணக்கில் வரிசை கட்டி நிற்கும். எந்த வண்டிக்கு எப்போது லோடு என்பதைச் சங்கம்தான் சொல்லும். அதற்கு டர்ன் என்று பெயர். டர்ன் வந்தால் வீட்டில் உலை கொதிக்கும், வராவிட்டால் பட்டினி. அந்த டர்ன் சங்கச் செயலாளரின் கையில் இருந்தது. எங்கள் செயலாளர் டில்லிபாபு வெள்ளைச் சட்டையைத் தவிர வேறு எதையும் போடாதவர். ஆனால் மனசு கலீஜ்.

சங்கத் தேர்தல் திருவொற்றியூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடக்கும். டில்லிபாபு தோற்கிற மாதிரி காற்று அடித்தால், சாயங்காலம் மாகாளி அண்ணன் உள்ளே வருவார். ஓட்டுப் பெட்டி அங்கேயே உடையும். ஒரு முறை பெட்டியின் வாயில் கழிவு ஆயிலை ஊற்றினார். ஒரு முறை பெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்க் கடலில் வீசினார். இன்னொரு முறை அதைத் தன் டிரெய்லரின் முன் சக்கரத்துக்குக் கீழே வைத்து ஏற்றி அப்பளமாக்கினார். தடுத்த மூன்று பேரில் ஒருவனுக்கு இன்றைக்கும் இடது காது கேட்காது. பெட்டி உடைந்தால் மறுதேர்தல் என்பது சங்க விதி. மறுதேர்தலுக்குள் எதிரணியில் நாலு பேருக்குக் கை கால் முறிந்திருக்கும், மிச்சப் பேருக்குப் புத்தி தெளிந்திருக்கும். டில்லிபாபு ஜெயித்துவிடுவார்.

இதெல்லாம் அயோக்கியத்தனம்தான். இல்லையென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதிலும் மாகாளி அண்ணன் ஒரு கொள்கை வைத்திருந்தார். முகத்தை மூடிக்கொண்டு எதையும் செய்ததில்லை. “எவன் ஒடச்சான்னு கேட்டா மாகாளி ஒடச்சான்னு சொல்லு” என்று அடிபட்டவனிடமே சொல்லிவிட்டுப் போவார். திருட்டு என்றால் அவருக்கு அருவருப்பு. “நான் இன்னா திருடனாடா? நாலு பேர் பாக்கத்தான ஒடைக்கறேன்?” என்பார்.

அவருக்கு ஒரே மகள், சிவந்தி. அவள் எபினேசர் என்கிற டிரெய்லர் டிரைவரை விரும்பினாள். எபினேசருக்கும் பூர்வீகம் தெற்கேதான். ஆனால் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். விஷயம் தெரிந்த அன்றைக்கு மாகாளி அண்ணன் டயர் லீவரோடு போய், வரிசையில் நின்ற வண்டியிலிருந்து அவனை இழுத்துப் போட்டு அடித்தார். இரண்டு பல் போனது. எபினேசர் திருப்பி அடிக்கவில்லை, ஓடவும் இல்லை. ரத்தத்தைத் துப்பிவிட்டு, “முட்சிட்டியா மாமா? அப்ப கண்ணாலத் தேதிய சொல்லு” என்றான். அண்ணன் லீவரைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்துவிட்டார். தன்னிடம் அடி வாங்கிக்கொண்டு ஓடாமல் நின்ற ஒரே ஆள் என்று மாப்பிள்ளையைப் பற்றி எல்லாரிடமும் பெருமையாகச் சொல்வார்.

போன வருஷம் ஒரு விபத்து நடந்தது. வரிசை இரண்டு நாளாக நகரவில்லை. வெயிலுக்காக ஒரு டிரைவர் தன் டிரெய்லருக்கு அடியில் படுத்துத் தூங்கினான். முன்னால் நின்ற வண்டி பின்வாங்கி மோதியதில் அவன் வண்டியே உருண்டு அவன் மேல் ஏறிவிட்டது. வெளியே இழுத்துப் போட்டது எபினேசர். தலை இருந்த இடத்தில் தலை இல்லை. எபினேசர் தன் சட்டையைக் கழற்றி அதன் மேல் போர்த்திவிட்டு அங்கேயே உட்கார்ந்து ஓங்கரித்தான். டில்லிபாபு ஒரு மாலையோடு வந்தார், போனார். வரிசை மறுபடியும் நகர்ந்தது.

டிரைவர்கள் படுக்க ஒரு கொட்டகை, தண்ணீர், கக்கூஸ் கேட்டு எபினேசர் எல்லாரையும் திரட்டினான். செயலாளர் பதவிக்கு நிற்கிறேன் என்றான். எங்கள் சங்கத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: தோற்றவனுக்கும் அவன் வீட்டாருக்கும் டர்ன் கிடையாது. தோற்றால் எண்ணூர் ரோட்டில் அவன் இனிமேல் ஸ்டியரிங் பிடிக்க முடியாது. சிவந்தி அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. “தோத்தா இன்னாடா பண்ணுவ?” என்று நான் கேட்டதற்கு, “தோக்கமாட்டேன்ணா, பெட்டி ஒடையாம இருந்தா” என்றான்.

பெட்டியை உடைக்கிறவரே மாமனார் ஆயிற்றே. மாகாளி அண்ணன் டில்லிபாபு வீட்டுக்கு நேராகப் போய், “இந்த தபா என் கை உன்னாண்ட இல்ல” என்று முகத்துக்கு நேரே சொன்னார். டில்லிபாபு கோபப்படவே இல்லையாம். “போ மாகாளி. பழைய காலமா இது? உன் கைக்கு இனிமே இன்னா வேலை கீது?” என்று சிரித்தாராம். அந்தச் சிரிப்பு எங்கள் யாருக்கும் அப்போது புரியவில்லை.

வேறு ஆட்கள் பெட்டியை உடைத்துவிடுவார்களே என்று பயந்து, இளவட்டங்கள் எல்லாரும் மெஷின் ஓட்டு வேண்டும் என்றார்கள். டில்லிபாபு உடனே சரி என்றார். அரசாங்கத் தேர்தலுக்கு வருகிற மெஷின் இல்லை இது. கிளப்புக்கும் குடியிருப்புச் சங்கத்துக்கும் வாடகைக்கு விடுகிற சரக்கு. யாருக்கு ஓட்டு விழுந்தது என்று காட்டும் காகிதத் துண்டு விழுகிற வசதியெல்லாம் இதில் கிடையாது. கொண்டுவந்த ஆபரேட்டர் மேஜை மேல் இரண்டு சாமான்களை வைத்தான். ஒன்று பெட்டி. இன்னொன்று பட்டன் வைத்த பலகை. இரண்டுக்கும் நடுவே ஒரு ஒயர்.

“இதுல நெட்டு கிடையாது, சிம்மு கிடையாது. எவனாலயும் உள்ள பூர முடியாது” என்றான் ஆபரேட்டர்.

“ஓட்டு எதுல போய் உக்காருது?” என்று மாகாளி அண்ணன் கேட்டார்.

“எல்லாம் இந்தப் பெட்டிலதாண்ணா.” அவன் பெட்டியைத் தட்டிக் காட்டினான். அதற்கு அரக்கு வைத்துச் சீல் போட்டார்கள்.

“அப்ப அந்தப் பலக?”

“அது சும்மா. பட்டன் அமுக்கறதுக்கு.”

பாம்பின் கால் பாம்பறியும் என்று, பெட்டிக்குக் காவலாக மாகாளி அண்ணனையே எபினேசர் நிறுத்தினான். அவருக்கு எவ்வளவு சந்தோஷம்! வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, கையில் வீல் ஸ்பேனரோடு வந்தார். தேர்தல் அதிகாரி ஜேக்கப் சார், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். அவருடைய மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் அண்ணன் உட்கார்ந்துவிட்டார். பலகை எதிர் மூலையில் அட்டை மறைப்புக்குப் பின்னால் இருந்தது. ரகசிய ஓட்டு அல்லவா, அந்தப் பக்கம் யாரும் பார்க்கக்கூடாது.

காலையில் எல்லார் முன்னாலும் சோதித்துப் பார்த்தார்கள். பலகையில் மேல் பட்டனுக்குப் பக்கத்தில் ஸ்டியரிங் படம் ஒட்டியிருந்தது, எபினேசரின் சின்னம். கீழ்ப் பட்டனுக்குப் பக்கத்தில் நங்கூரம், டில்லிபாபுவின் சின்னம். இரண்டையும் அமுக்கிப் பார்த்தோம், பெட்டி சரியாகக் காட்டியது. டில்லிபாபுவின் ஆட்களுக்கு இட்லியும் வடகறியும் கொடுத்துக் காலையிலேயே வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். ஒருவர் விடாமல் வந்து போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். என்ன கட்டுப்பாடு என்று நான்கூட வாயைப் பிளந்தேன். நானும் காலையிலேயே போட்டுவிட்டேன். எபினேசரின் ஆட்களில் பாதிப் பேருக்கு மேல் லோடு இறக்கிவிட்டு மத்தியானத்துக்கு மேல்தான் வர வேண்டும். அன்றைக்கு அவர்களுக்கு மட்டும் எப்படி டர்ன் வந்தது என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

உச்சி வெயிலில் சண்டை வந்தது. தலையில் துண்டு கட்டிய ஆறேழு பேர் கதவை உதைத்துத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்கள். நேராகப் பெட்டியை நோக்கி வந்தார்கள். மண்டபமே அதிர்கிற மாதிரி ‘ஏலேய்’ கேட்டது. முதலில் வந்தவனின் முழங்கால் சில்லில் ஸ்பேனர் இறங்கியது. எலும்பு நொறுங்கிய சத்தம் வாசலில் நின்ற எனக்குக் கேட்டது. இரண்டாவது ஆளின் தாடையைப் பெயர்த்தார். மூன்றாவது ஆள் மீன் வெட்டுகிற கத்தியை அவருடைய விலாவுக்குக் கீழே செருகி இழுத்தான். அண்ணன் அந்தக் கையைக் கத்தியோடு பிடித்துக்கொண்டு, அவன் முகத்தை மேஜை விளிம்பில் மோதினார். ஒருமுறை இல்லை, அவன் தொங்கும்வரை மோதினார். மேஜையெல்லாம் ரத்தம். ஒரு துளி பெட்டி மேல் தெறித்ததைத் துண்டால் துடைத்தார்.

நாங்கள் எல்லாரும் அந்தப் பக்கம்தான் ஓடினோம். ஜேக்கப் சார் மேஜைக்கு அடியில் கிடந்தார். மண்டபத்தில் இருந்த அத்தனை கண்ணும் பெட்டியின் மேல்தான். வந்தவர்கள், விழுந்தவர்களை இழுத்துக்கொண்டு ஓடினார்கள்.

ஜேக்கப் சார் மேஜைக்கு அடியிலிருந்து எழுந்து சீலைப் பார்த்தார். அரக்கு அப்படியே இருந்தது. அதுவரை விழுந்த ஓட்டின் மொத்த எண்ணிக்கையைப் பெட்டி சரியாகக் காட்டியது. “பெட்டி பத்திரம்” என்று அவர் அறிவித்ததும் கைதட்டினோம். எபினேசர் ஓடிவந்து, “மாமா, ஆஸ்பத்திரிக்குப் போலாம் வா” என்று அழுதான். அண்ணன் வயிற்றைச் சுற்றித் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டார். “நான் அப்டிக்கா போனா இவனுங்க இப்டிக்கா வந்துருவானுங்க. எண்ணி முடிக்கறவரைக்கும் எங்கயும் வரல, போடா” என்றார். வேட்டி சிவந்துகொண்டே இருந்தது. அவர் அசையவில்லை. மத்தியானத்துக்கு மேல் எபினேசரின் ஆட்கள் சாரி சாரியாக வந்து, அவரைக் கும்பிட்டுவிட்டு ஓட்டுப் போட்டார்கள். ஓட்டு முடிந்ததும் ஆபரேட்டர் வழக்கப்படி பலகையிலிருந்த படங்களை உரித்து, தின்னர் போட்டுத் துடைத்து, பையில் போட்டான். பெட்டி மட்டும் மேஜையில் இருந்தது.

எண்ணிக்கைக்கு முன்னால் வெளியே டீக்கடையில் நானும் நோயலும் நின்றோம். நோயல் என் வண்டிக்கு அடுத்த வண்டி, ராயபுரத்துக்காரன், மத்தியானம் வந்து ஓட்டுப் போட்டவன்.

“ஜெயிச்சிட்டோம் மாமு. கீழ்ப் பட்டன அமுக்கி அமுக்கி எல்லாம் குத்தித் தள்ளிட்டானுங்க” என்றான்.

“கீழ்ப் பட்டனா? டேய், ஸ்டியரிங் மேலடா.”

“காலங்காத்தாலயே போட்டுட்டியா நீ? ஸ்டியரிங் கீழதான். மேல நங்கூரம்.”

“நான் மேலதாண்டா அமுக்குனேன். கண்ணு அவிஞ்சா போச்சு எனக்கு?”

சட்டையைப் பிடிக்கிற அளவுக்குப் போய்விட்டோம். பக்கத்தில் நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். காலையில் போட்டவன் எல்லாம் மேலே என்றான், மத்தியானம் போட்டவன் எல்லாம் கீழே என்றான். சத்தம் மெல்ல அடங்கியது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பெட்டிக்குப் படம் தெரியாது. மேல் பட்டன் எபினேசர், கீழ்ப் பட்டன் டில்லிபாபு, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். கத்திச் சண்டை நடந்தபோது எவனோ ஒருவன் அட்டை மறைப்புக்குப் பின்னால் போய், படத்தை மாற்றி ஒட்டியிருக்கிறான். டில்லிபாபுவின் ஓட்டெல்லாம் காலையிலேயே விழுந்துவிட்டது. மத்தியானம் எபினேசருக்காக விழுந்த ஒவ்வொரு ஓட்டும் டில்லிபாபு கணக்கில் போயிருக்கிறது.

உள்ளே ஓடிச் சொன்னோம். ஜேக்கப் சார், “வரிசைப்படி ஒண்ணு எபினேசர், ரெண்டு டில்லிபாபு. நீங்களே சோதிச்சீங்களே? பெட்டியில எந்தக் குறையும் இல்ல” என்றார். பலகையோ துடைத்துச் சுத்தமாகப் பைக்குள் கிடந்தது. காட்டுவதற்கு எங்களிடம் ஒன்றும் இல்லை.

எபினேசர் ஜேக்கப் சார் பக்கம் திரும்பினான். “பெட்டி ஒடஞ்சா மறுதேர்தல்தான?” என்றான். வெளியே ஓடி, வண்டியிலிருந்து ஜாக்கி ராடை உருவிக்கொண்டு மறுபடியும் உள்ளே பாய்ந்தான்.

மாகாளி அண்ணன் எழுந்து நின்றார். எப்படித்தான் எழுந்தாரோ தெரியாது.

“மாமா, நகரு. பலகையில படத்த மாத்திட்டானுங்க. அத்தினி ஓட்டும் அவனுக்குப் பூட்சி.”

“பெட்டியில எவனும் கை வைக்கல. நான் பாத்துக்கினே கீறேன்.”

“பெட்டி இல்ல மாமா, பலக! சொன்னா கேளு, நகரு!”

“ஜெயிக்கறவன் பெட்டிய ஒடைக்கமாட்டான் மாப்ள. தோக்கறவன்தான் ஒடைப்பான். எத்தினி ஒடச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா? ஒடச்சா நீ தோத்தவன்னு ஆயிரும்டா.”

எபினேசர் ராடை ஓங்கினான். “ஏலேய்!” என்று ஒரு சத்தம். வீல் ஸ்பேனர் அவனுடைய வலது மணிக்கட்டில் இறங்கியது. ராடு தெறித்து விழுந்தது. எபினேசர் இடது கையால் பெட்டியை இழுக்கப் பார்த்தான். அண்ணன் அவன் வலது கையை மேஜையோடு வைத்து மறுபடியும் அடித்தார். தோலைக் கிழித்துக்கொண்டு எலும்பு வெள்ளையாக வெளியே வந்தது. தடுக்கப் போன நோயலின் நெற்றியும் பிளந்தது. நான் அண்ணனின் இடுப்பைக் கட்டிப் பிடித்தேன். என் கையெல்லாம் அவருடைய ரத்தம். ஒரே உதறலில் நான் சுவரில் போய் விழுந்தேன். டில்லிபாபு வாசலில் கை கட்டிக்கொண்டு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எங்களை நாங்களே அடித்துக்கொண்டோம். அவர் வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டு ரத்தம்கூட இல்லை.

அவசர அவசரமாக ஜேக்கப் சார் பெட்டியில் முடிவு காட்டுகிற பட்டனை அமுக்கினார். எங்கள் சங்கத்தின் வரலாற்றில், டில்லிபாபு தோற்கிற மாதிரி காற்று அடித்தும் பெட்டி உடையாமல் முடிவு வந்த தேர்தல் அது ஒன்றுதான். டில்லிபாபு இரண்டு மடங்கு ஓட்டில் ஜெயித்திருந்தார்.

மாகாளி அண்ணன் முடிவைத் திரும்பச் சொல்லச் சொன்னார். திரும்பச் சொன்னார்கள். மண்டபத்தில் நின்ற எபினேசரின் ஆட்களைப் பார்த்தார். அத்தனை பேரும் மத்தியானம் அவரைக் கும்பிட்டுவிட்டுப் போய் ஓட்டுப் போட்டவர்கள். எண்ணத் தெரியாதவரில்லை அவர். டில்லிபாபு மெதுவாக நடந்துவந்து, தன் கழுத்திலிருந்த சால்வையை எடுத்து அண்ணனுக்குப் போர்த்தினார். “நீ இல்லன்னா இந்தப் பெட்டி எனக்குக் கெடச்சிருக்காது மாகாளி” என்றார். அண்ணன் ஸ்பேனரை ஓங்கினார். அதற்குள் ரத்தமெல்லாம் வடிந்துவிட்டிருந்தது. கை பாதியிலேயே தொங்கிவிட்டது. சால்வையோடு அப்படியே சரிந்தார்.

பெரியாஸ்பத்திரியில் மாமனாருக்கும் மாப்பிள்ளைக்கும் அடுத்தடுத்த கட்டில். அண்ணனுக்கு வயிற்றில் தையல் போட்டுப் பிழைக்க வைத்துவிட்டார்கள். எபினேசரின் மணிக்கட்டு தூள் தூளாகிவிட்டது, இனிமேல் அந்தக் கை ஸ்டியரிங்கை வளைக்காது என்றார் டாக்டர். டர்ன் தரமாட்டேன் என்று சொல்கிற வேலைகூட டில்லிபாபுவுக்கு மிச்சம். யாரைத் திட்டுவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

சிவந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, டிபன் கேரியரோடு வந்தாள். இரண்டு கட்டிலுக்கும் நடுவில் நின்றாள். அப்பா அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“எல்லாம் சொன்னாங்கப்பா” என்றாள். “பலகைய நீ பாக்கல, போவட்டும். எவனும்தான் பாக்கல. ஆனா இந்த மனுசன் வந்து சொன்னாரே. ஊர்ல கீற பெட்டி எல்லாம் எவன் எவனுக்கோ ஒடச்சிக் குட்த்தியே. எனுக்கோசரம் ஒண்ணே ஒண்ணு ஒடைக்க வுட்டிருக்கக் கூடாதா?”

அத்தனை பேரை அடித்த கை போர்வைக்கு மேலே கிடந்தது. அவள் திரும்பி, எபினேசரின் கட்டிலில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தாள். புருஷனுக்கு ஊட்டினாள்.